சேலம் டு சென்னை: ஒரு மணி நேரம்னா எவ்வளவு நேரம்?

(எங்கள் ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் ராசிபுரம் பக்கத்துல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாரு. அவங்க அம்மாவை மாசம் ஒரு தடவை சென்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். பஸ்ல அவ்வளவு நேரம் உக்கார முடியல. "சேலத்துல இருந்து பிளைட்ல ஒரு மணி நேரம்னு போன்ல காட்டுது, அது நெசந்தானுங்களா?" அப்படின்னு கேட்டிருந்தாரு. ஒரே வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்த ஒரு மணி நேரத்தைப் பிரிச்சுப் பார்த்தா, அதுக்குள்ள நம்ம மாவட்டத்தோட முப்பது வருஷக் கதை இருக்கு. அதனால இன்னைக்கு முழுசா அதைப் பத்தியே பேசலாம்.

முதல்ல தூரம். சேலத்துக்கும் சென்னைக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு தேடினா மூணு விதமா பதில் வரும். ரோட்டுல ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியா போனா ஏறக்குறைய 340 கிலோமீட்டர். சேலம் ஜங்ஷன்ல இருந்து ஜோலார்பேட்டை வழியா சென்ட்ரலுக்கு ரயில் தூரம் 334 கிலோமீட்டர். மூணாவது, வரைபடத்துல ஸ்கேல் வச்சு கமலாபுரம் ஏர்போர்ட்டுல இருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரே கோடா இழுத்தா 265 கிலோமீட்டர் சொச்சம். மூணும் சரியான கணக்குதான். ரோடு மலையைச் சுத்தும், ரயில் ஜோலார்பேட்டைக்கு ஏறிப் போய்த் திரும்பும். நேர்கோட்டுக்கு இதெல்லாம் கிடையாது. அது அரூர் பக்கமா போயி, செங்கத்துக்குக் கொஞ்சம் தெக்கே தாண்டி, செய்யாறு மேல போயி சென்னையில இறங்கும். இந்தக் கோட்டை ஞாபகம் வச்சுக்கங்க, அப்புறம் திரும்பவும் வருவேன்.

(சும்மா ஒரு எச்சரிக்கை. போன்ல இங்கிலீஷ்ல சேலம்னு அடிச்சா சில சமயம் அமெரிக்காவுல ஒரேகான் மாநிலத்து சேலத்தைக் காட்டும். அந்த ஊருக்கும் ஏர்போர்ட் இருக்கு, அதோட குறியீடு எஸ்.எல்.ஈ. நம்மளுது எஸ்.எக்ஸ்.வி. வேடிக்கை என்னன்னா, பல வருஷம் பயணிகள் விமானமே இல்லாம கிடந்த அந்த சேலத்துக்கும் 2023 அக்டோபர்லதான் திரும்ப விமானம் வந்தது. அதே மாசந்தான் நம்ம சேலத்துக்கும் வந்தது.)

சரி, நேரத்துக்கு வருவோம். சேலத்துக்கு வர்றது ஏடிஆர் விமானம். ஜெட் கிடையாது, ரெக்கையில ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துமே, அது. மேல ஏறி நிதானமா போகும்போது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம். அப்படிப் பார்த்தா 265 கிலோமீட்டருக்கு முப்பத்திரண்டு நிமிஷம் போதும். ஆனா டிக்கெட்ல ஐம்பது நிமிஷம், ஒரு மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேலயே போட்டிருப்பாங்க. ஏன்?

நாமக்கல்ல லாரி ஓட்டுறவங்ககிட்ட கேட்டா இதுக்கு உடனே பதில் வரும். ஒரு டிரிப் எத்தனை நாள்னு கேட்டா, ஓடுற கிலோமீட்டரை மட்டும் வச்சு யாரும் சொல்ல மாட்டாங்க. லோடு ஏத்தக் காத்திருக்கணும், தார்ப்பாய் கட்டணும், செக்போஸ்ட், இறக்குற இடத்துல கியூ. இதெல்லாம் சேர்த்துத்தான் டிரிப். விமானமும் அப்படித்தான். நிறுத்தின இடத்துல சக்கரக் கட்டையை எடுக்கிற நிமிஷத்துல இருந்து, போய்ச் சேர்ந்த இடத்துல திரும்பக் கட்டை போடுற நிமிஷம் வரைக்கும் இருக்கிறதுதான் டிக்கெட்ல போடுற நேரம். ரன்வேக்கு ஊர்ந்து போறது, மேல ஏறுறது, இறங்கறதுக்கு வரிசையில நிக்கிறது, சென்னையில இறங்கினதுக்கு அப்புறம் நிறுத்துற இடத்துக்கு ஊர்றது எல்லாம் அதுல அடக்கம். சென்னை பெரிய ஏர்போர்ட். முன்னாடி நாலு விமானம் இருந்தா நம்ம ஏடிஆர் காத்திருக்கத்தான் வேணும்.

இந்தச் செலவு குட்டிப் பயணத்துக்கும் பெரிய பயணத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சென்னையில இருந்து டெல்லி நேர்கோட்டுல 1,750 கிலோமீட்டருக்கு மேல. ஜெட்டுல ரெண்டே முக்கால் மணி நேரத்துல போயிடலாம். ஆறு மடங்குக்கும் அதிகமான தூரம், நேரம் மூணு மடங்குகூட இல்லை. தூரம் குறையக் குறைய விமானத்தோட லாபம் குறையுது. சேலம்–சென்னை அந்த லாபம் தேஞ்சு போற எல்லையில இருக்கிற தூரம்னு சொல்லலாம்.

இப்போ வாசல் டு வாசல் கணக்கு. சேலம் அஞ்சு ரோட்டுல ஒருத்தர் வீடுன்னு வச்சுக்கங்க. ஏர்போர்ட் ஓமலூர் தாண்டி கமலாபுரத்துல, பெங்களூர் ரோட்டுல இருக்கு. 20 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் வச்சுக்கணும். பொதுவா உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கவுண்டரை மூடிடுவாங்க, அதனால ஒண்ணே கால் மணி நேரம் முன்னாடி அங்க இருக்கணும். பறக்க ஒரு மணி நேரம். இறங்கி, பெட்டி எடுத்து வெளிய வர இருபது நிமிஷம். அங்க இருந்து ஐகோர்ட் பக்கமோ ஜெனரல் ஆஸ்பத்திரி பக்கமோ போகணும்னா இன்னொரு மணி நேரம். கூட்டினா நாலு மணி இருபது நிமிஷம் ஆயிடுது.

அதே ஆளு சூரமங்கலத்துல ஜங்ஷனுக்குப் போயி வந்தே பாரத் ஏறினா, நாலு மணி நேரத்தையொட்டி சென்ட்ரல்ல இறங்கிடலாம். ஜெனரல் ஆஸ்பத்திரி எதிர்த்தாப்புலயே இருக்கு, ஐகோர்ட்டுக்கு ஆட்டோ. 2023 ஏப்ரல் 8 முதல் கோவை–சென்னை வந்தே பாரத் ஓடுது. அதாவது வட சென்னையில வேலை இருக்கிறவருக்கு ரயிலும் விமானமும் கிட்டத்தட்ட சமம், ரயில் ஒரு கை மேலன்னுகூட சொல்லலாம். கிண்டி, அடையாறு, ஓஎம்ஆர் பக்கம் போறவருக்கு விமானம் மேல. சென்னையில இருந்து வேற விமானம் மாறிப் போறவருக்கு யோசிக்கவே வேண்டாம், விமானந்தான்.

ராசிபுரம் நேயருக்கு வருவோம். ஒரு சென்னை ஆஸ்பத்திரின்னா எது எங்கன்னு பார்த்துத்தான் சொல்ல முடியும். அடையாறு பக்கம்னா மீனம்பாக்கத்துல இருந்து கிட்ட. ஆனா ராசிபுரத்துல இருந்து கமலாபுரம் போகணும்னா சேலத்தையே தாண்டிப் போகணும், ஒரு மணி நேரம் காருக்கு வச்சுக்கங்க. ஆக மொத்தம் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. ஆனாலும் அதுல பாதிக்கு மேல காருலயும் நாற்காலியிலயும் கால் நீட்டி இருக்கலாம், எந்திரிச்சு நடக்கலாம். முடியாத ஒரு அம்மாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ரெண்டு விஷயம் மட்டும் முன்னாடியே பார்த்துக்கங்க. விமானத்துக்குள்ள காத்தழுத்தம் தரையில இருக்கிற மாதிரி இருக்காது. ஏற்காட்டுலயோ ஊட்டியிலயோ இருக்கிற அளவுக்குக் குறையலாம். நுரையீரல், இருதயத் தொந்தரவு இருந்தா, புதுசா ஆபரேஷன் ஆகியிருந்தா, டாக்டர்கிட்ட கேட்டுட்டு, தேவைன்னா சீட்டு எழுதி வாங்கிக்கிட்டுத்தான் டிக்கெட் போடணும். அடுத்தது, ஏடிஆர்ல ஏறணும்னா படி ஏறணும். சக்கர நாற்காலி வேணும், படி ஏற முடியாதுன்னு டிக்கெட் போடும்போதே சொல்லிடுங்க. அங்க போயி கேட்டா சங்கடம்.

இப்போ இந்த எபிசோட்ல நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன். இதுவரைக்கும் போறதை மட்டும் கணக்குப் போட்டோம். திரும்பி வர்றது?

சேலத்துக்குச் சென்னையில இருந்து நாளைக்கு ஒரு விமானம்னா, அது என்ன பண்ணும்? சென்னையில கிளம்பும், சேலத்துல இறங்கும், கொஞ்ச நேரத்துல அதே விமானம் சென்னைக்குத் திரும்பிடும். 2018-ல ஆரம்பிச்சப்போ அது காலையில, பத்து பதினொரு மணிவாக்குல வந்துட்டுப் போச்சு. 2023-ல திரும்ப ஆரம்பிச்சப்போ நண்பகலையொட்டி. சென்னைக்காரருக்கும் சேலத்துக்காரருக்கும் ஒரே பிரச்சினைதான். நீங்க அந்த விமானத்துல போனா, அடுத்த விமானம் மறுநாள்தான். அம்மாவுக்கு ஒரு மணி நேர செக்கப்புக்கு ஒரு ராத்திரி லாட்ஜ் போடணும், இல்லைன்னா திரும்பி வர்றதுக்கு ரயிலோ பஸ்ஸோதான். ஒரு மணி நேரப் பயணம்னு போன்ல காட்டுறதுக்குப் பக்கத்துல, அடுத்த விமானத்துக்கு இருபத்திமூணு மணி நேரம் காத்திருக்கணும்னு எந்த இடத்துலயும் காட்டாது.

இதோட ராத்திரி ரயிலை ஒப்பிட்டுப் பாருங்க. ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறிப் படுத்தா விடியறதுக்குள்ள ஊரு. செவ்வாப்பேட்டை வெள்ளி வியாபாரி, ஜவுளிக்காரர், கோர்ட்டு கேஸ்காரர் எல்லாரும் தலைமுறையா இதைத்தான் பண்றாங்க. கடிகாரத்துல அஞ்சாறு மணி நேரம் ஆகுது, ஆனா வேலை நாள்ல ஒரு நிமிஷம்கூடச் செலவாகலை. பகல்ல போற ஒரு மணி நேர விமானம் வேலை நாள்ல பாதியைச் சாப்பிட்டுடும். எது வேகம்னு நீங்களே சொல்லுங்க.

இங்க கொஞ்சம் வரலாறு. 1861-ல சென்னையில இருந்து சேலத்துக்கு ரயில் வந்துச்சு. அப்பவும் ஸ்டேஷனை ஊருக்குள்ள வைக்கல, சூரமங்கலத்துல வச்சாங்க. ஊரு மெதுவா அதை நோக்கி வளர்ந்து போய்ச் சேர்ந்துச்சு. ஏர்போர்ட் 1993-ல வந்தது. நெப்சி ஏர்லைன்ஸ் கொஞ்ச காலம் பறந்துட்டு நிறுத்திடுச்சு. அப்புறம் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ரன்வே சும்மா கிடந்துச்சு. 2009-ல கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல நிறுத்துச்சு, அடுத்த வருஷம் அந்தக் கம்பெனியே நின்னு போச்சு. உடான் திட்டத்துல 2018 மார்ச் 25-ல ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்க ஆரம்பிச்சுது. 2021-ல அதுவும் நின்னுச்சு. 2023 அக்டோபர்ல அலையன்ஸ் ஏர் பெங்களூர், கொச்சிக்கும், அந்த மாசக் கடைசியில இண்டிகோ சென்னைக்கும் ஆரம்பிச்சாங்க.

நாலு தடவை ஆரம்பம். இதைச் சொன்னா "சேலத்துக்காரங்க பிளைட்ல போக மாட்டாங்க, அதான் நின்னு போச்சு"ம்பாங்க. எனக்கு அது ஒப்புக்க முடியல. நெப்சி, கிங்ஃபிஷர், ட்ரூஜெட் மூணுமே சேலத்துல மட்டும் இல்லை, எல்லா ஊர்லயும் இழுத்து மூடின கம்பெனிங்க. உடான்ல ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி சீட்டுக்கு 2,500 ரூபாய்ன்னு உச்சவரம்பு வச்சு, மிச்சத்துக்கு அரசு ஈடு கொடுத்தது. அந்த ஈடு மூணு வருஷத்துக்குத்தான். 2018-ல ஆரம்பிச்சு மூணு வருஷம் கூட்டிப் பாருங்க. நடுவுல கொரோனா வேற. ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் நடுவுல இருக்கிற தூரம் மாறவே இல்லை, ஆனா பயண நேரம் ஒரு மணி நேரத்துல இருந்து ஆறு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம்னு ஊஞ்சல் மாதிரி ஆடுது. இதை நம்பி யாரு தொழில் வைப்பா?

நாமக்கல்காரங்க இதுல இன்னொரு பாடு. நாமக்கல்லுல இருந்து சேலம் 50 கிலோமீட்டருக்கு மேல, அங்க இருந்து கமலாபுரம் இன்னும் 20. சென்னை வடகிழக்குல இருக்கு, இவங்க வடமேற்கே போயி விமானம் ஏறணும். இன்னொரு பக்கம் திருச்சி ஏர்போர்ட் 90 கிலோமீட்டர்வாக்குல. சிங்கப்பூர், மலேசியான்னா அங்கதான். 2013-ல சேலம்–நாமக்கல்–கரூர் ரயில் பாதை வந்தப்புறம் நாமக்கல்லுல இருந்தே சென்ட்ரலுக்கு ராத்திரி வண்டி இருக்கு. அதனால முட்டை வியாபாரத்துலயோ டேங்கர் லாரித் தொழில்லயோ இருக்கிறவங்க சென்னைக்குக் கமலாபுரம் போறது குறைவுதான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்க ஒடிசா, சத்தீஸ்கர், ராஜஸ்தான்னு நாடு பூரா போர் போடுறாங்க. மெஷின் ரிப்பேர்னா முதலாளி அவசரமா போகணும். அவருக்குச் சென்னை ஒரு மாறுற இடம். ஆனா சேலம் விமானம் சென்னையில போய் இறங்குற நேரமும் அடுத்த விமானம் கிளம்புற நேரமும் பொருந்தினாத்தான் பிரயோஜனம். பொருந்தலைன்னா ராத்திரியோட ராத்திரியா கார்ல கோயம்புத்தூரோ பெங்களூரோ போயிடுவாரு. கோயம்புத்தூர் ஏர்போர்ட் ஊருக்குக் கிழக்கே அவினாசி ரோட்டுலயே இருக்கிறதால நம்ம பக்கத்துல இருந்து போறவங்க ஊருக்குள்ள நுழையவே வேண்டாம். பெங்களூர்ல ஊரு முழுக்கத் தாண்டி வடக்கே தேவனஹள்ளி போகணும்.

இப்போ அந்த நேர்கோட்டுக்குத் திரும்பலாம். 2018-ல சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை அறிவிப்பு வந்துச்சு, ஞாபகம் இருக்கும். அதோட நீளம் 277 கிலோமீட்டர். நேர்கோடு 265. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. வானத்துல போற கோட்டை அப்படியே தரையில இறக்கி வச்ச மாதிரி. அரூர், செங்கம், செய்யாறுன்னு பாதையும் கிட்டத்தட்ட அதேதான். விமானம் அந்த ஊர்களுக்கு மேல போறது கீழ இருக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே கோடு தரைக்கு வந்தா கிணறு, தென்னந்தோப்பு, வீடு, மலையடிவாரக் காடு எல்லாத்தையும் தொடும். கல்லு நட்டாங்க, ஜனங்க புடுங்கிப் போட்டாங்க. 2019 ஏப்ரல் 8-ல சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கிற அறிவிப்பை ரத்து செஞ்சது. 2020 டிசம்பர் 8-ல உச்ச நீதிமன்றம், விதிப்படி அனுமதி வாங்கி, புதுசா அறிவிப்பு கொடுத்துச் செய்யலாம்னு சொல்லிச்சு. அறுபது கிலோமீட்டர் சொச்சம் குறைக்கிறதுக்கான விலை என்னன்னு அந்த ரெண்டு வருஷத்துல சேலம், தர்மபுரி, திருவண்ணாமலை மாவட்டத்துக்காரங்களுக்கு நல்லாவே புரிஞ்சுது.

வானத்துக் கோடு யாரோட நிலத்தையும் தொடலைன்னு சொன்னேன். ரெண்டு முனையிலயும் தொடும். கமலாபுரம் ரன்வே சுமார் 1,800 மீட்டர். ஏடிஆருக்கு அது தாராளம். ஏர்பஸ் மாதிரி ஜெட் நிறைய ஆளோட இறங்கி ஏற அது பத்தாது. அதனால விரிவாக்கத்துக்குக் கமலாபுரம், பொட்டிபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி பக்கத்துல சுமார் 570 ஏக்கர் எடுக்கணும்னு 2018-லயே பேச்சு வந்து, அந்த ஊர்க்காரங்க எதிர்த்துப் போராடினாங்க. இப்போ இருக்கிற ஏர்போர்ட் இடத்தைப் போல நாலு மடங்கு அது. கிணத்துப் பாசனத்துல தென்னையும் பூவும் வச்சுப் பிழைக்கிற ஊருங்க. ஒரு கிணறு தண்ணி பிடிக்க எத்தனை அடி இறங்கணும், எவ்வளவு செலவுன்னு திருச்செங்கோட்டுக்காரங்ககிட்ட கேட்டா தெரியும். நஷ்டஈட்டுக் கணக்குல கிணறு ஒரு எண்ணிக்கை மட்டுந்தான்.

ரன்வேயை நீட்டணும்னு கேக்கிறவங்க நியாயத்தையும் நான் தள்ளிவிடல. சேலத்துல இருந்து நேரா மும்பை, டெல்லி போகணும், துபாய் போகணும்னா ஜெட் வேணும், ஜெட்டுக்கு ரன்வே வேணும். வெள்ளிக் கொலுசும் ஜவ்வரிசியும் ஜவுளியும் வெளிமாநிலத்துக்குப் போற ஊருக்கு அந்த ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனா அந்த வாதத்தை அதோட பேர்லயே வைக்கணும். மேடையில அதைச் சொல்லும்போது "சென்னைக்கு ஒரு மணி நேரத்துல போகலாம்"னு சேர்த்துச் சொல்றாங்க. சென்னைக்குப் போறதுக்கு ஒரு அடி ரன்வேகூடக் கூட்ட வேண்டியதில்லை. ஜெட் விட்டா இந்த 265 கிலோமீட்டர்ல மிச்சமாகுறது பத்து நிமிஷந்தான். ஏறி முடிக்கிறதுக்குள்ள இறங்க ஆரம்பிக்கணும்.

நேயரோட அம்மாவுக்கு அந்தப் பத்து நிமிஷத்தால ஒண்ணும் ஆகப் போறதில்லை. காலையில ஏழு மணிக்கு சேலத்துல இருந்து ஒண்ணு, ராத்திரி எட்டு மணிக்குச் சென்னையில இருந்து ஒண்ணு, இருக்கிற இதே ஏடிஆர், இதே ரன்வே. ராத்திரி ஒரு விமானத்தைக் கமலாபுரத்துலயே நிறுத்தி வைக்கணும், அதுக்கு ஆளு வேணும், காலைப் பனியிலயும் இருட்டுலயும் இறக்குறதுக்கான வசதி வேணும், மூணு வருஷத்தோட நின்னு போகாத ஈட்டுத்தொகை வேணும். செலவுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அது யாரோட கிணத்தையும் மூடாது. ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகையையும் ஒரு நாள் கூலியையும் மிச்சம் பண்ணும். மாவட்டத்துல தொழில் சங்கங்கள் மனு கொடுக்கும்போது ரன்வே நீளத்தைக் கேக்கிறதுக்கு முன்னாடி டைம்டேபிளைக் கேக்கலாம்ங்கிறது என் அபிப்பிராயம்.

உங்க ஊர்ல இருந்து சென்னைக்கு வாசல் டு வாசல் எவ்வளவு நேரம் ஆகுது, எதுல போறீங்கன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. ஆத்தூர், சங்ககிரி, கொல்லிமலைப் பக்கம் இருக்கிறவங்க கண்டிப்பா அனுப்புங்க. அந்த ஊர்களோட கணக்கு இதுல வரவே இல்லை.